காலையில் மட்டும் வரும் டிக் டிக்

மாசி மாதம், மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். காலை ஆறு மணிக்கு வெட்டு ஆட்களுக்கு டீயும் பன்னும் வாங்கி வரலாம் என்று காரை எடுத்தேன். ஸ்டார்ட் ஆன உடனே என்ஜின் பக்கம் இருந்து ஒரு சத்தம். யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு விரல் நகத்தால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. டிக் டிக் டிக் டிக்.

எங்கள் காரைப் பற்றி இதற்கு முன்னால் எழுதியதில்லை. 1998 மாடல். எண்ணூறு சிசி, மூணு சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. பேர் சொல்லத் தேவையில்லை, உங்கள் வீட்டில் யாராவது ஒருத்தர் அதில்தான் ஓட்டிப் பழகியிருப்பார். அப்பா 2006-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினது. இந்த வண்டியில் விதைக்கிழங்கு போயிருக்கிறது, கோழிக்குஞ்சு போயிருக்கிறது, ஊரில் இரண்டு பிரசவம் போயிருக்கிறது. வாய்க்கால் மேட்டில் பாம்பு கடித்த ஒரு பையனை ராத்திரி பதினோரு மணிக்கு ஏற்றிக்கொண்டு போய்க் காப்பாற்றிக் கூட்டி வந்ததும் இதில்தான். ஏ.சி. கிடையாது. ஒரு கண்ணாடியைக் கையால் பிடித்து இழுத்தால்தான் மேலே வரும். அதனால் எங்களுக்கு ஒன்றும் குறையில்லை.

சத்தம் என்றால் எங்கள் வீட்டில் கொஞ்சம் காது கொடுப்போம். அது அப்பாவிடம் இருந்து வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் ஓடும். ராத்திரி அப்பா திண்ணையில் படுத்திருப்பார். தூங்குகிறார் என்றுதான் நினைப்போம். திடீரென்று, "டேய், தண்ணி வத்திருச்சு, போய் நிறுத்து" என்பார். ஓடிப்போய்ப் பார்த்தால் புட்வால்வு தண்ணிக்கு மேலே நின்றிருக்கும். பம்பு தண்ணியை இழுக்கும்போது என்ஜின் பாரத்தோடு முக்கி முக்கி ஓடும். காற்றை இழுக்க ஆரம்பித்தால் பாரம் போய்விடும், சத்தம் லேசாகி வேகம் கூடும். அரை ஃபர்லாங் தள்ளிப் படுத்திருந்த மனிதருக்கு அந்த வித்தியாசம் தூக்கத்திலேயே தெரிந்தது.

அப்பாவின் மகன் என்ற தைரியத்தில் நானும் பானெட்டைத் தூக்கிக் கேட்டேன். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் டிக் டிக்கும் சேர்ந்து வேகமாகிறது. அப்படியானால் என்ஜின் சுற்றோடு சம்பந்தப்பட்டதுதான், எங்கேயோ தகரம் ஆடுகிற சத்தம் இல்லை. ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. வெட்கமாகப் போயிற்று. மாட்டுக்குத் தண்ணி காட்டினோமா என்று தினமும் பார்க்கிறவன், வண்டிக்கு ஆயில் பார்த்து நாலு மாதம் ஆகியிருக்கிறது. முக்கால் லிட்டர் ஊற்றினேன். அளவு சரியானது, சத்தம் போகவில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து, "கெட்டி ஆயிலா மாத்திப் போடுங்க, அடங்கிரும்" என்றார். மாற்றினேன். இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்தது. இப்போது யோசித்தால் அது ஆயில் இல்லை, என் ஆசை. மூணாம் நாள் காலையில் அதே டிக் டிக்.

அடுத்த வாரம் டவுனுக்குக் கொண்டுபோனேன். இருபத்திரண்டு கிலோமீட்டர். அங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் பையன்கள் இரண்டு பேர் கேட்டார்கள், பெரியவர் ஒருத்தரும் வந்து கேட்டார். "டேப்பட் சத்தம். வண்டி ரொம்ப ஓடியிருக்கு. ஹெட்டை இறக்கிடலாம், வால்வு, கைடு எல்லாம் மாத்த வேண்டி வரும். எப்படியும் இருபத்தெட்டாயிரம் ஆகும்" என்றார். தாளில் எழுதியும் கொடுத்தார்.

இருபத்தெட்டாயிரம். வெட்டுக்கூலி கொடுக்கணும், மஞ்சள் வேகவைக்கிற கூலி கொடுக்கணும், காய வைத்துப் பாலிஷ் போடணும். மஞ்சள் விற்றுக் காசு கைக்கு வர இன்னும் இரண்டு மாதம். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கணக்குப் போட்டுவிட்டாள். போன மாதம்தான் காயலான் கடைக்காரர் ஒருத்தர் தோட்டத்துப் பழைய இரும்பு எடுக்க வந்தபோது, காரைப் பார்த்து இருபத்திரண்டாயிரம் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். "ஏனுங்க, இருபத்திரண்டாயிரம் போற வண்டிக்கு இருபத்தெட்டாயிரம் செலவு பண்ணுவாங்களா?" என்றாள். பதில் இல்லை. கணக்கு சரிதான். அன்று ராத்திரியே காயலான் கடைக்காரர் நம்பரைத் தேடி எடுத்து வைத்தேன். மறுநாள் கூப்பிடணும் என்று நினைத்து, கூப்பிடாமலே நாலு நாள் ஓட்டினேன்.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். ஊரிலேயே மெக்கானிக் இல்லையா?

இருக்கிறார். வாய்க்கால் பாலம் தாண்டி, வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அப்பா காலத்தில் இருந்து எங்கள் வண்டியைப் பார்த்தவர். நான் அவரிடம் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு கிளட்ச் கேபிள். அவர் மாற்றிக் கொடுத்த கேபிள் எட்டே நாளில் அறுந்துபோனது. அம்மாவை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பி வரும்போது, ராத்திரி, நடு ரோட்டில். ஒன்றரை மணி நேரம் அம்மாவைக் குளிரில் உட்கார வைத்துவிட்டு வழியில் போகிற வண்டியை எல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் அவர் கொட்டகைக்குப் போய், நாலு பேர் இருக்கும்போது கத்தினேன். சொல்லக் கூடாத வார்த்தை ஒன்றும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. டிராயரைத் திறந்து, எட்டு நாளைக்கு முன் நான் கொடுத்த அறுநூற்று ஐம்பது ரூபாயை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தார். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் வலது பக்கம் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் வலது பக்கம் திருப்பினேன். இரும்புக்குப் போகிறதுக்கு முன்னால் அவர் ஒரு தடவை பார்க்கட்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான், பெரிய மனசு ஒன்றும் இல்லை.

"வாங்க தம்பி" என்றார், நேற்று வந்துபோனவனைக் கூப்பிடுகிற மாதிரி. நான் சத்தத்தைப் பற்றி, ஆயிலைப் பற்றி, டவுனில் சொன்னதைப் பற்றி எல்லாம் சொன்னேன். பானெட்டைத் திறக்கவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"காலைலதான் ஜாஸ்தியா?"

"ஆமாங்க."

"டவுனுக்குப் போய்ச் சேரறப்ப?"

யோசித்தேன். "கொறஞ்சிருமுங்க."

"ஏத்தத்துல மிதிச்சா?"

"கூடுதுங்க."

"டவுன்ல சூட்டோட கொண்டுபோய்க் காட்டியிருக்கீங்க. சூட்டுல இந்த வண்டி எல்லாத்துக்கும் டேப்பட் சத்தம் கொஞ்சம் இருக்கும். அவங்க காதுக்கு என்ன கேட்டுச்சோ அதச் சொல்லியிருக்காங்க." பிறகு, "வண்டிய விட்டுட்டுப் போங்க. ராத்திரி பூரா ஆறட்டும். காலைல நீங்க வந்த பொறவுதான் ஸ்டார்ட் பண்ணுவேன்" என்றார்.

காய்ச்சல் இறங்கின பிறகு குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போன கதைதான். காலையில் கூடுகிறது, சூட்டில் குறைகிறது என்பது எனக்கு முதல் நாளில் இருந்தே தெரியும். அதை ஒரு தகவலாக நினைத்து டவுனில் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு மொபெட்டில் போய் நின்றேன். அவர் என்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்தார். டிக் டிக் டிக்.

நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து நுனியை என்ஜின் மூடி மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் ஒட்டிக்கொண்டார். இங்கே, அங்கே என்று நாலு இடம். "மேல இல்லீங்க. டேப்பட்டா இருந்தா கம்பி வழியா காதுல வந்து குத்தும்."

அடுத்து, காய்ந்த துணியைச் சுற்றிய பிடிப்பு உள்ள கொறடால் ஒரு பிளக் ஒயரைக் கழற்றினார். என்ஜின் தள்ளாடியது, சத்தம் அப்படியே இருந்தது. அதை மாட்டிவிட்டு நடு சிலிண்டர் ஒயரைக் கழற்றினார். டிக் டிக் சட்டென்று நின்றது. மாட்டினார், வந்தது. கழற்றினார், நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இதை உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிடுகிறேன். என்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வால்வு ஒரு தடவைதான் திறந்து மூடும். சும்மா நிற்கும்போது நிமிடத்துக்கு 900 சுற்று என்றால், ஒரு டேப்பட் நிமிடத்துக்கு 450 தடவை தட்டும். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் வெடிப்பதும் அதே 450 தடவைதான். அதனால் சத்தத்தின் வேகத்தை வைத்து எது என்று சொல்ல முடியாது. ஆனால் பிளக் ஒயரைக் கழற்றினால் அந்த சிலிண்டரில் வெடிப்பு நின்றுவிடும், வால்வு மட்டும் வழக்கம் போலத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். டேப்பட் சத்தம் என்றால் நிற்கக் கூடாது. நின்றது என்றால் வெடிப்போடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று. "பேரிங்கா இருக்குமோ?" என்று பயந்து கேட்டேன். "அது தொம் தொம்முன்னு அடிவயித்துல இருந்து வரும். இது மேலோட்டமா இருக்குது" என்றார்.

ஒரு சாக்கை எடுத்துப் பானெட்டுக்கு மேல் போட்டு இருட்டாக்கி, உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். பிளக் ஒயரில் எங்காவது வெடிப்பு இருந்து கரண்ட் பாடியில் தாவினாலும் இதே மாதிரி டிக் டிக் கேட்குமாம். இருட்டில் நீலப் பொறி தெரியும். தெரியவில்லை.

"ட்யூப் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

டிக்கியில் சொட்டுநீர் லேட்டரல் மிச்சம் கிடந்தது, பதினாறு எம்எம். ஒரு மீட்டர் வெட்டிக் கொடுத்தேன். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை என்ஜின் ஓரமாக ஒவ்வொரு அங்குலமாக நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, "இந்தாங்க, நீங்களே கேளுங்க" என்று முனையை என்னிடம் கொடுத்தார்.

காதில் வைத்தேன். டிக் டிக் இல்லை. புஸ் புஸ் புஸ். சின்ன சின்ன மூச்சு. இத்தனை நாள் இரும்பில் இரும்பு மோதுகிறது என்று நினைத்துக் கவலைப்பட்ட எனக்கு, அது வெறும் காற்று என்று அந்தக் குழாய் சொன்னது.

மூடித் தகட்டைக் கழற்றியதும் கண்ணுக்கே தெரிந்தது. சிலிண்டரில் இருந்து புகை வெளியே வரும் மேனிஃபோல்டு, ஹெட்டில் உட்காருகிற இடத்தில், நடு சிலிண்டருக்குப் பக்கத்தில் மை தடவின மாதிரி ஒரு கரும்புகைக் கோடு. அங்கே நட்டு ஒன்று தளர்ந்து, கேஸ்கட் ஓரம் எரிந்துபோயிருந்தது. காலையில் இரும்பு சில்லென்று இருக்கும்போது இடுக்கு பெரிசு, புகை அதன் வழியாகச் சீறும். என்ஜின் சூடாக ஆக இரும்பு விரிந்து இடுக்கு அடைபடும், சத்தம் குறையும். நான் டவுனுக்குப் போய்ச் சேர்கிற இருபத்திரண்டு கிலோமீட்டரில் நடந்தது இதுதான்.

நோய் தெரிந்ததே தவிர வேலை சுலபமாக இல்லை. அந்த நட்டுகள் இருபத்தைந்து வருடத் துரு ஏறிக் கிடந்தன. அவசரப்பட்டுத் திருகினால் ஸ்டட் ஹெட்டுக்குள்ளேயே முறிந்துவிடும். முறிந்தால் ஹெட்டை இறக்கித் துளை போட்டுத்தான் எடுக்கணும். அப்போது டவுன்காரர் சொன்ன தொகை உண்மையாகிவிடும். துரு ஆயில் விட்டுவிட்டு மத்தியானம் வரை அதைத் தொடவே இல்லை. நான் கோபிக்குப் போய் கேஸ்கட்டும் புது நட்டுகளும் வாங்கி வந்தேன். எல்லாம் சேர்த்து 260 ரூபாய்.

பிறகு ஒவ்வொரு நட்டையும் லேசாகத் தட்டி, கால் சுற்று விட்டு, திரும்பக் கொஞ்சம் முறுக்கி, மறுபடி கால் சுற்று. கடைசி நட்டு கிறீச்சென்று கத்தியது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். வந்துவிட்டது.

மேனிஃபோல்டு முகத்தில் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. சுரண்டித் துடைத்துப் புது கேஸ்கட் வைத்து, நடுவில் இருந்து ஓரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். "ரெண்டு நாள் ஓட்டிட்டு, ஆறின பொறவு கொண்டாங்க. ஒருக்கா முறுக்கி விடணும்" என்றார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். "எஞ்சின் ஆறித்தான இருக்குது, டேப்பட்டையும் பாத்துரலாம்" என்று மேல் மூடியைத் திறந்தார். ஃபீலர் கேஜ் என்பது மெல்லிய தகட்டு இலைகளின் கட்டு. சரியான கனம் உள்ள இலையை ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் விட்டுப் பார்க்கணும். ஆறு வால்வில் ஐந்துக்கு இலை லேசாகப் பிடித்துக்கொண்டு போய் வந்தது. ஆறாவது, மூணாம் சிலிண்டரின் புகை வால்வு. இலை உள்ளே போகவே இல்லை. அதைவிட மெல்லிய இலையும் போகவில்லை. இடைவெளியே இல்லை.

"தம்பி, உங்க வண்டியோட சீக்கு இதுதானுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. சத்தம் இங்கே இருந்து வரவில்லையே?

"அதனாலதான் சொல்றேன். லூசா இருக்கற டேப்பட் டிக் டிக்குன்னு கத்தும், ஆனா பொழச்சுக்கும். டைட்டா இருக்கறது கத்தாது. கத்தாமயே வால்வ எரிச்சிரும்."

புகை வால்வு எப்போதும் நெருப்பிலேயே நிற்பது. மூடியிருக்கிற நேரத்தில் ஹெட்டில் உள்ள இருக்கையில் அழுந்தி உட்கார்ந்துதான் தன் சூட்டை இறக்கிக்கொள்ளும். வருடக் கணக்கில் வால்வு இருக்கைக்குள் தேய்ந்து இறங்க இறங்க, மேலே ராக்கரோடு இருக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வரும். இடைவெளி போய்விட்டால் வால்வு முழுசாக உட்காராது. சூடு இறங்க வழியில்லாமல் ஓரம் எரிந்து தின்றுபோகும். இவ்வளவும் ஒரு சின்ன டிக் கூட இல்லாமல் நடக்கும். எங்கள் வண்டி நல்ல நேரத்தில் வந்திருந்தது. திருகைத் தளர்த்தி, இலை போய் வருகிற அளவுக்கு வைத்து லாக் நட்டை முறுக்கினார். பத்து நிமிட வேலை.

இதைப் படிக்கிற டவுன் நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஆயில் விளக்கு எரிந்துகொண்டே சத்தம் வந்தால் அங்கேயே என்ஜினை நிறுத்துங்கள், மெதுவாகப் போய்ச் சேரலாம் என்று ஓட்டாதீர்கள். விளக்கு இல்லை என்றாலும் முதலில் ஆயில் ஸ்டிக்கைப் பாருங்கள். சத்தம் எப்போது வருகிறது, எப்போது குறைகிறது, ஏற்றத்தில் என்ன ஆகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சத்தம் வரும் நேரத்திலேயே போனில் பதிவு செய்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முடிந்தால் வண்டியை ராத்திரி அவரிடம் விட்டு வாருங்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இன்ஜெக்டரே லேசாக டிக் டிக் என்றுதான் வேலை செய்யும், அது நோயில்லை. பிளக் ஒயரைக் கழற்றுகிற வேலையை மட்டும் நீங்கள் செய்து பார்க்க வேண்டாம். ஷாக் பலமாக அடிக்கும், புது வண்டிகளில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் வேறு செலவு வைக்கும்.

அவர் கூலி எழுநூறு கேட்டார். கொடுத்தேன். கூடவே ஒரு அறுநூற்று ஐம்பதை எண்ணி வைத்தேன். என்ன என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேபிள் முன்னூத்தம்பது. அது டூப்ளிகேட். நாந்தான் பாத்து வாங்கியிருக்கோணும், அது என் தப்பு" என்று அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து என்னிடம் கொடுத்தார். "மாட்டின கூலி முன்னூறு. அத எடுத்துக்கறேன்."

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்கண்ணா."

"நானும் அன்னைக்கே இதச் சொல்லியிருக்கோணும்" என்றார். "பேசாம இருந்தே ரெண்டு வருசம் ஓடிப்போச்சு."

கிளம்பும்போது ஸ்டார்ட் செய்து காட்டினார். பழைய சத்தம் போயிருந்தது. ஆனால் உன்னிப்பாகக் கேட்டால் மேலே இருந்து ரொம்ப மெல்லிசாக ஒரு டிக் டிக். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது டேப்பட். அந்த அளவு இருக்கோணும். அது கேக்காமப் போச்சுன்னா கொண்டாங்க" என்றார்.

மஞ்சள் வெட்டு முடிந்து, வேகவைத்து, இப்போது களத்தில் காய்கிறது. காயலான் கடைக்காரர் நம்பரை அழித்துவிட்டேன். தினமும் காலையில் காரை எடுக்கும்போது ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து காது கொடுக்கிறேன். கேட்கிறது. பிறகுதான் கியர் போடுகிறேன்.